நடுக்கடலில் மீன் பதனிடும் கப்பல்கள்: துறைமுகத்துக்கு என்ன மிஞ்சும்?

கரையோரன் (பத்து மாவுங், பினாங்கு) கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் தெலுக் கும்பாரில் ஒரு தேநீர்க் கடையில் நடந்த பேச்சு இன்னும் என்னை விடவில்லை. படகுகளிடமிருந்து மீனை நடுக்கடலிலேயே வாங்கி, வெட்டி, உறைய வைத்து, பெட்டியில் அடைத்துவிடும் பெரிய கப்பல் ஒன்று நம் கரைக்கு அப்பால் வந்து நின்றால் பினாங்குக்குக் காசு கொட்டும் என்றார் எங்கள் மேசையில் இருந்த ஒருவர். எண்ணெய், தண்ணீர், அரிசி, காய்கறி என்று எல்லாவற்றையும் அவர்கள் நம்மிடம்தானே வாங்கியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படி ஒன்று வந்தால் நம் படித்துறையில் புல்தான் முளைக்கும் என்றார் மற்றொருவர். இத்தகைய திட்டம் எதையும் யாரும் அறிவித்ததாக நான் சொல்லவில்லை. இது வெறும் கடைப் பேச்சு.

ஆனால் எனக்கு இது வெறும் பேச்சாகப் படவில்லை. என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகள் பனிக்கட்டி ஆலையில் வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் அவருடன் விடியற்காலை நான்கு மணிக்குப் போயிருக்கிறேன். ஆளுயரக் கட்டிகள் சறுக்குப் பலகையில் வழுக்கி வந்து அரைவைக்குள் விழும். அடுத்த நொடி, உடைந்த பனி குழாய் வழியாகப் படகின் அடித்தளத்துக்குள் சரசரவென்று கொட்டும். அதே படகு திரும்பி வந்து கட்டியதும், ரப்பர் காலணி அணிந்த பெண்கள் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து கெம்போங் மீனை ஒரு கூடையிலும் கெரிசியை ஒரு கூடையிலும் கணவாயை ஒரு கூடையிலும் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போடுவார்கள். எடை போடுபவர், கணக்கு எழுதுபவர், கூடை கழுவுபவர், லோரி ஓட்டுநர், வலை பின்னும் பெரியவர் என்று ஒரு படகை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என ஒருமுறை எண்ணத் தொடங்கிப் பதினேழில் நிறுத்திவிட்டேன்.

பதனிடும் வேலை கடலுக்குப் போய்விட்டால் இவர்களில் யார் மிஞ்சுவார்கள்? வேறு நாடுகளில் இப்படி நடந்த துறைமுகங்களுக்கு என்ன ஆயிற்று என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய மாலுமி (செந்தூல், கோலாலம்பூர்):

தம்பி, புத்தகம் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 1980களின் இறுதியில் குளிரூட்டிய சரக்குக் கப்பல் ஒன்றில் எந்திர அறை வேலையில் இருந்தேன். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் உல்லபூல் என்று ஒரு சிற்றூர்; ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள். அந்த ஊரை ஒட்டி உள்ளே நீண்டு கிடக்கும் கடற்கழியில், சோவியத் நாட்டுக் கப்பல்களும் பல்கேரியா, ருமேனியா முதலிய நாட்டுக் கப்பல்களும் டஜன் கணக்கில் நங்கூரமிட்டிருந்தன. அலாஸ்காவை அடுத்த குளொண்டைக்கில் தங்கம் தேடிப் போனவர்களை நினைத்து அவற்றைக் 'குளொண்டைக்கர்' என்றே அங்குள்ளவர்கள் அழைத்தார்கள். இரவில் எதிரே இன்னொரு நகரம் இருப்பதைப் போல விளக்குகள் எரியும்.

உள்ளூர்ப் படகுகள் பிடித்து வரும் கானாங்கெளுத்தி வகை மீனை இந்தக் கப்பல்கள் வாங்கி, அங்கேயே உறைய வைத்து அட்டைப்பெட்டியில் அடைக்கும். நாங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டு பெட்டிகளை ஏற்றி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோவோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐஸ்லாந்துக் கடலும் கைவிட்டுப் போய், வடகடலில் ஹெர்ரிங் மீனுக்கும் 1977இல் தடை வந்த பிறகு, ஸ்காட்லாந்துப் படகுகள் இந்த மீனின் மேல் திரும்பின. அவ்வளவு மீனையும் உறைய வைக்கும் ஆலை அன்று அவர்களின் கரையில் இல்லை. ஆகவே அந்தக் கப்பல்கள் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. இல்லாத வாங்குபவராக வந்தன. படகுக்காரர்களுக்கு அது பொற்காலம்.

ஊருக்கு என்ன கிடைத்தது என்றால், வழிகாட்டிப் படகு, ஆள் ஏற்றி இறக்கும் விசைப்படகு, வாடகைக்கார், கடைவீதி, துறைமுகக் கட்டணம் ஆகியவை. மாலுமிகளிடம் வெளிநாட்டுப் பணம் குறைவு; பழைய கார், தேய்ந்த டயர், கம்பளிச் சட்டை என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். ஒரு பக்கக் கதவே இல்லாத லாடா கார் ஒன்று பாரந்தூக்கியில் தொங்கியபடி மேலேறி, வலைக்குவியலுக்கு நடுவில் இறக்கப்பட்டதை நான் நின்று பார்த்தேன். உங்கள் மேசைக்காரர் சொன்ன அரிசி, காய்கறிக் கணக்கில்தான் எனக்கு ஐயம். நாங்கள் மீன் பெட்டிகளை ஏற்றியபோது எங்கள் கப்பலிலிருந்து அவர்களுக்கு இறங்கியவை மடித்த அட்டைப்பெட்டிக் கட்டுகளும் உணவு மூட்டைகளும். பெட்டிகூட அந்த ஊரில் வாங்கவில்லை. எண்ணெய் தனிக் கப்பலில் வந்தது.

1990களில் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் சில கப்பல்களில் சம்பளமே வராமல் ஆட்கள் தவித்தார்கள். அதற்குள் பீட்டர்ஹெட்டிலும் ஷெட்லாந்திலும் கரையிலேயே உறைவிப்பு ஆலைகள் வளர்ந்துவிட்டன. வியாபாரம் கப்பலோடு வந்தது, கப்பலோடு போயிற்று. இன்று உல்லபூல் சுற்றுலாப் பயணிகளையும் ஸ்டோர்னவேக்குச் செல்லும் பயணிக் கப்பலையும் நம்பியிருக்கிறது.

சிலாயாங் வியாபாரி (கோலாலம்பூர்):

ஐயா சொன்னது அருமை. நான் சிலாயாங் மொத்தச் சந்தையில் மீன் வாங்கி விற்பவன். எனக்குத் தெரிந்த கோணத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், அத்தகைய கப்பல் மலாக்கா நீரிணைக்கு வராது என்பதே என் கருத்து. அந்தக் கப்பலுக்குள் இருக்கும் வெட்டு எந்திரம், ஒரே இனமும் ஏறக்குறைய ஒரே அளவும் உள்ள மீன் ஆயிரமாயிரமாக வரும் கடலுக்கென்று செய்யப்பட்டது. அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலில் பொல்லாக் மீன், கனடாவின் கிழக்குக் கரையான நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் என்றால் பொருந்தும். நம் இழுவைப் படகின் ஒரு வலையைக் கொட்டிப் பாருங்கள்: கெரிசி, கணவாய், நண்டு, பெயர் தெரியாத பத்து வகை, குஞ்சும் குறுணியும். இதைப் பிரிக்க எந்திரம் உதவாது. நீங்கள் சொன்ன முக்காலிப் பெண்கள்தான் வேண்டும். நம் கடலின் இந்தக் கலப்படமே நம் படித்துறைக்கு இதுவரை காவலாக இருந்திருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

இரண்டாவது, இந்தத் தொழில் ஏன் கடலுக்குப் போயிற்று என்பதைப் புரிந்துகொண்டால் கேள்வியில் பாதி விடை கிடைத்துவிடும். பனிக்கட்டியில் வைத்த மீன் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். அதற்குள் படகு கரைக்குத் திரும்பியாக வேண்டும். பிரிட்டனிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துவரை போய் வருவதற்கே அந்தக் காலம் தின்றுவிடும். 1954இல் தொழிலுக்கு வந்த 'ஃபேர்ட்ரை' என்ற கப்பல், வலையைப் பின்பக்கச் சரிவு வழியாக இழுத்தேற்றி, அடித்தட்டிலேயே மீனை வெட்டி உறைய வைத்து, இந்தக் கெடுவை உடைத்தது. சோவியத் நாடு அதைப் பார்த்து ஜெர்மனியின் கீல் நகரில் வரிசையாகக் கட்டுவித்தது. மீன் கெடும் என்பதால்தான் துறைமுகம் பிழைக்கிறது, நண்பரே. அந்தக் கெடுவை யார் நீக்குகிறாரோ அவருக்கு நம் துறைமுகம் தேவைப்படாது. எந்தத் துறைமுகம் மலிவோ அங்கே போவார்.

மூன்றாவது, எடைக் கணக்கு. காட் போன்ற மீனில் முள் நீக்கிய சதை, முழு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். தலை, முள், தோல், குடல் ஆகிய மற்றதெல்லாம் கரையில் வெட்டப்பட்டால் அரைத்துத் தீவனமாகவும் எண்ணெயாகவும் வேறொரு வீட்டில் அடுப்பு எரிய வைக்கும். கடலில் வெட்டப்பட்டால், பெரிய கப்பலாக இருந்தால் அதற்கும் உள்ளேயே ஓர் அரைவை ஆலை இருக்கும். இல்லையென்றால் கடற்பறவைக்குப் போகும். எங்கள் பக்கம் மீன் தலை விற்றே பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இதை நான் சிறு செய்தியாக எண்ண மாட்டேன்.

கணக்காயர் (ஜார்ஜ்டவுன், பினாங்கு):

வணக்கம். வியாபாரி அண்ணன் கூறியதுடன் ஏறத்தாழ முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் "அவருக்கு நம் துறைமுகம் தேவைப்படாது" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டதில்தான் எனக்குக் குறை. தேவைப்படாதவரைத் தேவைப்பட வைப்பதற்குத்தான் சட்டம் இருக்கிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது அலாஸ்கா.

1976இல் அமெரிக்கா 200 கடல்மைல் மண்டலத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் சட்டத்தை இயற்றியபோது, வெளிநாட்டுக் கப்பல்கள் விலகினால் கரையோர ஊர்கள் செழிக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வெளிநாட்டவர் மெல்ல மெல்ல விலகியது உண்மைதான். ஆனால் அவர்கள் இடத்துக்கு, சியாட்டலைத் தாய்த்துறையாகக் கொண்ட அமெரிக்கப் பதனீட்டுக் கப்பல்கள் வந்தன. கொடி மாறியது, அலாஸ்காவின் சிற்றூர்களுக்கு மீன் வரவில்லை. சண்டை அப்போதுதான் தொடங்கியது. 1992இல் பொல்லாக் மீன் ஒதுக்கீட்டில் 35 விழுக்காடு கரை ஆலைகளுக்கும் 65 விழுக்காடு கடலிலேயே பதனிடும் கப்பல்களுக்கும் என்று பிரித்தார்கள். 1998இல் இயற்றப்பட்ட சட்டம் அதை மாற்றி, முதலில் 10 விழுக்காட்டை மேற்கு அலாஸ்காவின் கரையோரச் சமூகங்களுக்கு எடுத்து வைத்து, எஞ்சியதில் சரிபாதியைக் கரைக்கும், 40 விழுக்காட்டைப் பிடித்துப் பதனிடும் கப்பல்களுக்கும், 10 விழுக்காட்டை, மற்றப் படகுகள் பிடித்ததை வாங்கிப் பதனிடும் தாய்க்கப்பல்களுக்கும் கொடுத்தது. அந்த முதல் 10 விழுக்காட்டை நான் மிகவும் மதிக்கிறேன். பேரிங் கடலோரத்தில் உள்ள 65 சிற்றூர்கள் ஆறு குழுக்களாகச் சேர்ந்து அந்த உரிமையை வைத்திருக்கின்றன. கப்பலே இல்லாத மீனவனுக்கும் பங்கு உண்டு என்பதை ஏட்டில் எழுதி நடைமுறைக்கும் கொண்டுவந்த ஏற்பாடு அது.

வரி வேறு. கரையில் பதனிடுபவரிடம் அந்த மாநிலம் மீனின் மதிப்பில் வரி வாங்கி, பாதியை மீன் பதனிடப்பட்ட ஊருக்குக் கொடுத்து வந்தது. மாநிலக் கடல் எல்லையான மூன்று மைலுக்கு அப்பால் பதனிட்ட கப்பல், அதே துறைமுகத்தில் பெட்டியை இறக்கிக் கொள்கலனில் ஏற்றிவிட்டு வரியின்றிப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஓட்டையை அடைக்க 1994 முதல், இறக்கப்படும் மீனுக்கு என்று தனி வரி வந்தது. அதிலும் ஊருக்குப் பங்கு உண்டு. அலூஷியன் தீவுகளில் உள்ள டச்சு ஹார்பர், எடைக்கணக்கில் அமெரிக்காவின் முதல் மீன்பிடித் துறைமுகமாகப் பல்லாண்டுகள் நிலைத்ததற்குப் பேரிங் கடல் பக்கத்தில் இருப்பது ஒரு காரணம். கரை ஆலைகளுக்கென்று மீனில் பங்கு பிரித்ததும் ஒரு காரணம்.

நமீபியாவும் இதையே செய்தது. 1990இல் விடுதலை பெற்றதும், அதுவரை ஹேக் மீனை அள்ளிச் சென்ற அயல்நாட்டுக் கப்பல்களை வெளியேற்றி, ஒதுக்கீட்டில் பெரும்பகுதியை உறைய வைக்காமல் கரைக்குக் கொண்டுவந்து வெட்ட வேண்டும் என்று கொள்கை வகுத்தது. வால்விஸ் பேயிலும் லூடெரிட்சிலும் ஆலைகள் எழுந்தது அதனால்தான். கடலில் உறைய வைத்த ஹேக்குக்குத்தான் நல்ல விலை என்று கப்பல் நிறுவனங்கள் வாதிட்டன. அந்த வாதம் பொய்யுமல்ல. பிடித்த சில மணி நேரத்துக்குள் உறைந்த மீன் தரமானது. ஆனால் கூடுதல் விலை பங்குதாரருக்கும், கூலி ஊருக்கும் போகிறது என்பதால், இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம், 15ஆம் பிரிவில், வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் நம் கடலில் மீன் பிடிப்பதை மட்டுமல்லாமல், மீனை ஏற்றுவது, இறக்குவது, கப்பல்விட்டுக் கப்பல் மாற்றுவது ஆகியவற்றையும் அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்கிறது. ஆகவே உங்கள் தேநீர்க் கடைக் கப்பல் வந்தாலும், 'வரலாமா' என்பதைவிட 'எந்த நிபந்தனையோடு' என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நியூஃபவுண்ட்லாந்தில் 1968இல் எட்டு லட்சம் டன்னைத் தாண்டிய காட் பிடிப்பு, பின்னர் சரிந்து, 1992 ஜூலை 2ஆம் நாள் தொழிலே நிறுத்தப்பட்டது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். அயல்நாட்டுப் பதனீட்டுக் கப்பல்களே குற்றவாளிகள் என்று பலரும் எழுதுகிறார்கள். 1977இல் 200 மைல் எல்லை வந்தபின் பதினைந்து ஆண்டுகள் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்களும் அதே மீனைத்தான் அள்ளின என்பதை அவர்கள் எழுத மறந்துவிடுகிறார்கள்.

கரையோரன் (பத்து மாவுங், பினாங்கு):

மூவருக்கும் மிக்க நன்றி. அரிசி, காய்கறிக் கணக்குப் போட்டவரிடம் ஐயா எழுதியதைக் காட்டினேன். கதவில்லாத காரைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. பத்து மாவுங்கில் பன்னாட்டுச் சூரை மீன் துறைமுகம் என்றே ஓர் இடம் இருக்கிறது. மலாக்கா நீரிணைக்குப் பதனீட்டுக் கப்பல் வராது என்று வியாபாரி அண்ணன் சொன்னாலும், இந்தியப் பெருங்கடலில் சூரை பிடிப்பவர்கள் மீனைக் கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றிவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதுவும் இதே கதைதானா? இந்த உரையாடலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சூரைக் கப்பலுக்குப் பனிக்கட்டி வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

பழைய மாலுமி (செந்தூல், கோலாலம்பூர்):

இதே கதைதான் தம்பி, வேறு வேடத்தில். பெரிய தூண்டில் கப்பல் மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கும். குளிரூட்டிய சரக்குக் கப்பல் அதைத் தேடிப் போய் மீனை வாங்கிக்கொண்டு, தூண்டில் இரை, எண்ணெய், உணவு, சில வேளை புது ஆட்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வரும். இந்தியப் பெருங்கடலில், சரக்குக் கப்பலில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தால் இதற்கு அனுமதி உண்டு. மேற்குப் பசிபிக்கில் சுருக்குவலைக் கப்பல்களுக்கு அந்த அனுமதி இல்லை; துறைமுகத்துக்கு வந்துதான் மாற்ற வேண்டும். அதனால்தான் மார்ஷல் தீவுகளின் மஜூரோ கடற்காயலில் சூரைக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கணக்காயர் அம்மா சொன்ன நிபந்தனை என்பது இதுதான். நம் மலேசியக் கொடி பறக்கும் சூரைக் கப்பல்களே 2010களில் மொரீஷியசின் போர்ட் லூயிசில் மீனை இறக்கத் தொடங்கின. அவை மீன் பிடிக்கும் இடம் அங்கிருந்துதான் பக்கம். கொடி நம்முடையது, படித்துறைக் கூலி அவர்களுடையது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெரிய கப்பல்களுக்குப் பனிக்கட்டி வேண்டாம். சூரையைப் பூச்சியத்துக்குக் கீழே 60 பாகைவரை கொண்டுபோகும் அறை அவற்றிலேயே இருக்கிறது; அந்த அறையைத் திறந்தால் மூக்கு மயிர் உறைந்துபோகும், நான் திறந்திருக்கிறேன். ஆனால் சிறிய தூண்டில் படகுகள் வேறு. அவை மீனை உறைய வைக்காமல் பனிக்கட்டியில் புதைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் கரைக்குத் திரும்பியாக வேண்டியவை. அந்த மீனில் நல்லதைப் பொறுக்கி எடுத்து விமானத்தில் ஜப்பானுக்கு ஏற்றுவார்கள். பினாங்குக்குச் சூரை வியாபாரத்தைக் கொண்டுவந்தவற்றில் தைவானியர்களின் அந்தச் சிறிய படகுகளும் உண்டு. அவற்றுக்குப் பனிக்கட்டி நிறைய வேண்டியிருந்தது. அப்பாவுக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.